டெஸ்க்டாப்பில் போஸ்ட்கிரெஸ், ரெடிஸ்: நேரடி சர்வீஸா, டாக்கரா?

கேள்வி:
உபுண்டு டெஸ்க்டாப், 8 ஜிபி ராம். போஸ்ட்கிரெஸ், ரெடிஸ் என்ற இரண்டு டேட்டாபேஸ் சர்வர்களும் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் தேவை. ஆனால் பூட் ஆனதுமே இரண்டும் ஓடத் தொடங்கிவிடுகின்றன. டாக்கருக்கு (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி) மாறுவது நல்லதா? கூடவே ஒரு பைதான் சர்வரும் பின்னணியில் ஓட வேண்டும்.

பதில் 1:
ராமுக்காக மட்டும் என்றால் டாக்கர் வேண்டாம். சும்மா இருக்கும் போஸ்ட்கிரெஸ் பெரிய சுமை இல்லை. ஷேர்டு பஃபர்ஸ் (அது டேட்டாவை வைத்துக்கொள்ளும் நினைவகம்) இயல்பாக 128 எம்பிதான். உபுண்டு பேக்கேஜ் நிறுவியதுமே சர்வீஸை எனேபிள் செய்துவிடும், அதனால்தான் தானாக ஓடுகிறது. 'சூடோ சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ்' என்று கொடுத்து, பின்னால் இரண்டு சர்வீஸ்களின் பெயரையும் போடுங்கள். '--நவ்' விட்டுப்போனால் இப்போது ஓடுவது ஓடிக்கொண்டேதான் இருக்கும். வேண்டும்போது ஸ்டார்ட், முடிந்ததும் ஸ்டாப். அவ்வளவுதான்.

பதில் 2:
ஒரு புராஜெக்ட்டுக்கு போஸ்ட்கிரெஸ் 14, இன்னொன்றுக்கு 16 என்று வந்தால் டாக்கர்தான் வசதி. ஆனால் போர்ட்டில் கவனம்! '5432:5432' என்று போட்டால் எல்லா நெட்வொர்க் முகவரியிலும் திறந்துவிடும். யூஎஃப்டபிள்யூ (உபுண்டு ஃபயர்வால்) தடுக்கும் என்று நம்பாதீர்கள். டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் நெட்வொர்க் வடிகட்டி) விதிகளை நேரடியாக எழுதுவதால் அதைத் தாண்டிப் போய்விடும். '127.0.0.1:5432:5432' என்றே எழுதுங்கள். நேரடி போஸ்ட்கிரெஸும் ஓடினால் போர்ட் மோதும்; நடுவில் உள்ள எண்ணை 5433 ஆக்குங்கள்.

டேட்டாவுக்கு வால்யூம் (கன்டெய்னரை அழித்தாலும் நிற்கும் சேமிப்பிடம்) கட்டாயம். அதே வால்யூமோடு டேக்கை (பதிப்பு எண்) மட்டும் 14லிருந்து 16க்கு மாற்றினால் சர்வர் எழும்பாது, டேட்டா ஃபைல்களின் அமைப்பு வேறு. முதலில் பிஜி-டம்ப் கட்டளையால் பேக்கப் எடுத்து, புது வால்யூமில் ரீஸ்டோர் செய்யுங்கள்.

பதில் 3:
பைதானுக்கு சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் நிரல்) யூசர் சர்வீஸ் போதும், சூடோ தேவையில்லை. சர்வீஸை விவரிக்கும் யூனிட் ஃபைலை ஹோம் ஃபோல்டரில் '.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர்' உள்ளே வையுங்கள். ஓட்ட வேண்டிய கட்டளையைச் சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் விஎன்வ் (புராஜெக்ட்டின் தனிச் சூழல்) பைதானின் முழுப் பாதையைக் கொடுங்கள். டெர்மினலில் ஓடுவது சர்வீஸாக ஓடாததற்குப் பெரும்பாலும் காரணம், பாஷ்ஆர்சி-யில் (டெர்மினலின் அமைப்பு ஃபைல்) வைத்த மாறிகள் இங்கே வராததுதான். அவற்றை 'என்விரான்மென்ட்=' வரியில் எழுத வேண்டும்.

லாக்அவுட் செய்தால் நின்றுவிடும். தொடர்ந்து ஓட 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்'. பிழையில் விழுந்தால் மீண்டும் எழுப்ப ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர் வைத்தால், 5 வினாடி இடைவெளிக்கு ரீஸ்டார்ட்செக் 5 என்றும் சேருங்கள். இல்லாவிட்டால் 100 மில்லிவினாடியில் திரும்பத் திரும்ப எழுந்து விழுந்து, 10 வினாடிக்குள் 5 முறை ஆனதும் சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

கேட்டவர்:
நன்றி. போஸ்ட்கிரெஸ் நேரடியாகவே இருக்கட்டும். பின்னால் டாக்கர் போட்டால், அதுவும் பூட்டில் எழாமல் இருக்க வழி உண்டா?

பதில் 2:
உண்டு. டாக்கர் டாட் சர்வீஸை டிசேபிள் செய்து, டாக்கர் டாட் சாக்கெட்டை எனேபிளாகவே விடுங்கள். முதல் டாக்கர் கட்டளை கொடுக்கும்போது தானாக எழும். 'ரீஸ்டார்ட் ஆல்வேஸ்' வைத்த கன்டெய்னர்களும் அதுவரை எழாது.