அனுபவப் பகிர்வு: சாரணர் சேவைப் பணியில் இன்றும் விடை தெரியாத ஒரு நிகழ்வு

காட்பாடி, முன்னாள் அணித்தலைவர்

ஆடிக் கிருத்திகைச் சேவைக்குப் போனவர்களுக்கு அந்தப் பணியை நான் விளக்க வேண்டியதில்லை. வடாற்காடு மாவட்டம் பிரிக்கப்படாமல் ஒன்றாக இருந்த காலம் அது. இரத்தினகிரி அடிவாரத்தில் எங்கள் படையைத் தண்ணீர்ப் பந்தல், செருப்பு வைக்கும் இடம், காவடிக்கு வழிவிடும் கயிறு எனப் பிரித்து நிறுத்தினார்கள். என் அணிக்குக் கிடைத்தது காணாமற்போனோர் பந்தல். அழும் பிள்ளையிடம் பெயரும் ஊரும் கேட்டுப் பதிவேட்டில் எழுதி, ஒலிபெருக்கியில் அறிவித்து, பெற்றோர் வந்ததும் கையொப்பம் வாங்கி ஒப்படைப்பதுதான் வேலை.

பிற்பகலில் ஒரு பாட்டி தாமாகவே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் பை. அதற்குள் ஒரு தேங்காய் மூடியும் விபூதிப் பொட்டலமும் இருந்தன. மகனோடு வந்ததாகவும், படியிறங்கும்போது கூட்டத்தில் அவனைத் தவறவிட்டதாகவும் சொன்னார். பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு மைக்கை நோக்கி நான் எழுந்தபோது, என் ஸ்கார்ஃபின் நுனியை எட்டிப் பிடித்து இழுத்தார். ஸ்கார்ஃபைக் கழுத்தருகே இறுக்கி நிறுத்தும் வளையமான வாகிள் கழன்று அவர் கைக்குப் போய்விட்டது. "தம்பி, மைக்குல சொல்லாத. சொன்னா நாலு பேரு பாக்கறாங்களேன்னு வந்துடுவான். அவனா தேடிக்கினு வரானான்னு பாக்கணும்" என்றார்.

அந்த வாகிள், மேல்விஷாரத்தில் ஒரு நண்பன் வீட்டில் கிடைத்த தோல் துண்டில் நானே பின்னியது. பாட்டி அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, "நல்லா பதம் பண்ண தோலு. எங்க வூட்டுக்காரரு ராணிப்பேட்டை டேனரியில இருந்தவரு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். நான் அறிவிக்கவில்லை. வெயில் இறங்கும்வரை அவர் படிக்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விசில் ஊதப்பட்டது. எங்கள் முறை முடிந்து அடுத்த அணி பந்தலுக்கு வந்தது. நாங்கள் லாரியில் ஏறி ஊர் திரும்பினோம். மகன் வந்தானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பந்தலில் பணி செய்த வேறு யாரேனும் இருந்தால், நீங்கள் மைக்கை எடுத்திருப்பீர்களா என்பதைச் சொல்லுங்கள்.

குடியாத்தம், முன்னாள் சாரணியர்

நான் காணாமற்போனோர் பந்தலில் பணி செய்ததில்லை. ஆனால் ஒருவரை அப்படியே விட்டுவிட்டு வந்த உணர்வு எனக்கும் உண்டு. சோபான் என்னும் படிநிலைத் தேர்வுக்காக அமிர்தி காட்டுப் பக்கம் தடம் தேடும் நடைப்பயணத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். கல்லை அடுக்கியும் குச்சியை ஒடித்து வைத்தும் அம்புக்குறி, "இவ்வழி வேண்டாம்" என்னும் பெருக்கல் குறி, "வீடு திரும்பிவிட்டேன்" என்று பொருள்படும் புள்ளி வைத்த வட்டம் ஆகியவற்றை முன்னால் போனவர்கள் வைத்துச் செல்ல, நாங்கள் பின்தொடர வேண்டும். பாதி வழியில் குறிகள் அறவே இல்லை. இரண்டு முறை திரும்பி நடந்து பார்த்த பிறகு, ஜவ்வாது மலைக்காரச் சிறுவன் ஒருவன், எங்கள் வயதுதான் இருக்கும், ஆடுகளோடு நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டோம். கற்களை எடுத்தது யார் என்று கேட்டதற்கு, "நான்தான். ஆட்டுக் கால்ல குத்துமேன்னு தள்ளிப் போட்டேன்" என்றான். எங்கே போகிறீர்கள் என்று அவன் கேட்க, அது எங்களுக்கே தெரியாது, குறிதான் சொல்லும் என்றோம். "போற எடம் தெரியாமயா இத்தினி பேரு வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு அவன் சிரித்த சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

தான் கல்லை எடுத்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, முடிவுப் புள்ளிவரை அவனே எங்களைக் கொண்டுபோய் விட்டான். அங்கே ஆசிரியை, தடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டபோது, எங்கள் அணித்தலைவி சற்றும் தயங்காமல், குறிகளைப் பார்த்தே வந்துவிட்டோம் என்றாள். அவன் இரண்டடி தள்ளி ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் தேர்வு அட்டையில் கையொப்பம் விழுந்தது.

வாலாஜா, ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்

காட்பாடி நண்பரின் பதிவைப் படித்து வருத்தமடைந்தேன். ஒரு மூதாட்டியின் வேண்டுகோள் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், பந்தலில் இருக்கும் சாரணரின் கடமை அறிவிப்பதுதான். 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சிறுவர்களை நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பொறுப்பையும் ஒரு சிறுவனிடமே ஒப்படைத்த நாள் முதல், அணித்தலைவன் என்பவன் இரக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பவன் அல்லன். தன் இடத்துக்கு அடுத்து வருபவன் எதையும் ஊகிக்க நேராதபடி பணியை ஒப்படைப்பவன்.

இனிவரும் ஆண்டுகளில் இப்பணிக்குச் செல்லும் பிள்ளைகளின் நலன் கருதிச் சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். பந்தலில் ஒருபோதும் ஒருவரைத் தனியாக நிறுத்தக் கூடாது; ஒருவர் எழுத, மற்றவர் வந்தவரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையைக் கேட்டு வருபவர் உண்மையில் பெற்றோர்தானா என்று அறிய, குழந்தை என்ன உடை அணிந்திருக்கிறது என்பதை அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டுமே தவிர, நாமாக ஒலிபெருக்கியில் எல்லா அடையாளங்களையும் சொல்லிவிடக் கூடாது. முதியவர் என்றால் முதலில் நிழல், பிறகு தண்ணீர், அதன் பிறகே கேள்விகள். நம் வேலூர் வெயிலில் காலை முதல் விரதமிருந்து மலையேறியவர் தெளிவாகப் பேசுவது போலத் தோன்றினாலும் மயக்கத்தின் விளிம்பில் இருக்கக் கூடும். அறிவிக்க வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டால் அதையும் அப்படியே எழுதி, பந்தலில் இருக்கும் காவலரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த முடிவைப் பதினான்கு வயதுப் பையன் தோளில் சுமக்கத் தேவையில்லை. முறை மாறும்போது பதிவேட்டைக் கையில் கொடுப்பது ஒப்படைப்பு ஆகாது. அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரிடமும் புதிய அணித்தலைவரை அழைத்துப்போய், "இனி இவர் உங்களைப் பார்த்துக்கொள்வார்" என்று அறிமுகம் செய்துவிட்டே கிளம்ப வேண்டும்.

என் அனுபவம் சிறியது. மாநில அளவிலான விருதான இராஜ்ய புரஸ்காருக்குரிய தேர்வு முகாமுக்கு என் மாணவன் ஒருவன் அம்மாவின் பழைய புடவையில் தைத்த ஸ்கார்ஃபோடு வந்திருந்தான்; சீருடை ஆய்வில் அவனை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தினார் ஒரு தேர்வாளர். அன்று மதியம் முதலுதவிப் பயிற்சியில், பசை போட்டு மொடமொடவென்று நின்ற புதிய ஸ்கார்ஃப்களைவிட அந்தப் புடவைத் துணிதான் கைத்தூளி கட்ட வாகாக இருக்கிறது என்று எல்லாரும் அதையே இரவல் கேட்டார்கள்.

ஆம்பூர்

வாலாஜா ஐயா, தங்கள் நடைமுறைகள் அனைத்தும் சரியே. ஆனால் அந்தப் பாட்டி தொலைந்து போனவர் அல்லர். அவர் எங்கே இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும், மகனைத்தான் சோதித்துக்கொண்டிருந்தார். அவரைப் பிள்ளைகளின் பட்டியலில் சேர்த்து மைக்கில் கூவியிருந்தால் பதிவேடு நிறைந்திருக்கும், அவ்வளவுதான். நான் காட்பாடி நண்பர் பக்கம்.

எனக்கு உறுத்துவது வேறு. மாவட்டப் பேரணியில் முகாம் நுழைவாயில் போட்டி நடந்தது. முந்தைய இரவு மழை. நனைந்த கயிற்றை வைத்துக்கொண்டு விடியற்காலையில் சவுக்குக் கட்டைகளைச் சதுரக்கட்டாகக் கட்டினோம். கிளவ் ஹிட்ச் என்னும் முடிச்சைப் போட்டுத் தொடங்கி, சுற்றுகளை நெருக்கி, இரு கட்டைகளுக்கும் இடையே குறுக்குச் சுற்று இழுத்து முடித்தபோது இரும்பு மாதிரி நின்றது. எங்கள் அணியின் கடைக்குட்டி மட்டும், ஈரக் கயிறு காய்ந்தால் தளர்ந்துவிடுமே, தன் வீட்டில் கட்டில் கயிறு அப்படித்தான் ஆகும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். யாரும் பொருட்படுத்தவில்லை. உச்சி வெயிலில் நடுவர் வந்து குறுக்குக் கட்டையில் கையை ஊன்றினார். அது மெல்லச் சரிந்து அவர் முழங்காலுக்கு வந்து நின்றது. அவர் ஒன்றும் சொல்லாமல் தாளில் எழுதிக்கொண்டு போனார். கடைக்குட்டி எங்களைக் குறைசொல்லவில்லை. கீழே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான்.

வேலூர், ஒரு சாரணியரின் தாய்

ஆம்பூர் சகோதரரே, ஒப்படைப்பதைப் பற்றி வாலாஜா ஐயா சொன்னதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறையில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைரவிழாப் பெருந்திரளணி (ஜம்போரி) நடந்ததல்லவா, அதற்கு என் மகளும் போயிருந்தாள். அங்கே அவள் என்ன பார்த்தாள் என்பதை அவள்தான் எழுத வேண்டும். நான் பார்த்தது காட்பாடி ரயில் நிலைய நடைமேடையில்.

வீட்டில் சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காத பெண், இறங்கியதும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி எண்ணினாள். ஒரு பெண் குறைந்தாள். ஆசிரியை இன்னும் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். பெற்றோர்களாகிய நாங்கள் ஆளுக்கொரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்க, என் மகள் குறுக்கே நின்றுகொண்டு, எண்ணிக்கை சரியாகாமல் யாரையும் அனுப்ப முடியாது என்றாள். ஒரு தந்தை, "நீ யாரும்மா என் புள்ளைய நிறுத்த?" என்று சத்தம் போட்டார். அவள் முகம் சிவந்ததே தவிர இடத்தைவிட்டு அசையவில்லை. சற்று நேரம் கழித்துத் தொலைபேசியில் தெரிந்தது: அந்தப் பெண்ணின் மாமா வந்து, யாரிடமும் சொல்லாமல் மறுபக்க வாசல் வழியாக அவளை அழைத்துப் போய்விட்டார். அதை உறுதி செய்துகொண்ட பிறகே வரிசையைக் கலைத்தாள். கத்திய அந்தத் தந்தை எங்கள் தெருக்காரர். இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஆனால் ஐயா, ஒன்று கேட்கிறேன். எண்ணும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுத்தவர்கள், திட்டு வாங்கும் வேலையையும் சேர்த்துக் கொடுத்தது எந்த முறையில் வருகிறது?

வாலாஜா, ஓய்வுபெற்ற சாரண ஆசிரியர்

அம்மா, அது முறையே இல்லை. பிள்ளை எண்ண வேண்டும், பெரியவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தங்கள் மகளுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். காட்பாடி நண்பர் ஒன்றை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும்: பாட்டி கேட்டுக்கொண்டதை அடுத்த அணியிடம் சொன்னாரா, இல்லையா?

காட்பாடி, முன்னாள் அணித்தலைவர்

சொன்னேன் ஐயா. பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே "அறிவிக்க வேண்டாம் என்கிறார்" என்று எழுதி, கீழே கோடும் போட்டேன். பொறுப்பேற்க வந்த அணித்தலைவரைப் பெஞ்சுக்கே அழைத்துப்போய்ப் பாட்டியைக் காட்டினேன்; அப்போது நீர்மோர் வாளி வந்துகொண்டிருந்ததால் அவர் கண் அதன்மேல் இருந்தது என்றாலும் தலையாட்டினார். ஆம்பூர் நண்பருக்கு நன்றி, ஆனால் பாட்டி மகனைச் சோதித்தார் என்று எனக்கு அவ்வளவு உறுதியாகத் தோன்றவில்லை. மைக்கில் கூப்பிட்டும் அவன் வராமற்போனால் என்ன செய்வது என்று பயந்திருக்கவும் கூடும். மறு ஆண்டு கிருத்திகையில் அதே அணித்தலைவரைச் செருப்புப் பந்தலில் பார்த்து விசாரித்தேன். அப்படி ஒரு பாட்டி உட்கார்ந்திருந்ததே அவருக்கு நினைவில் இல்லை.