புதுப்பிப்பு: தகரக் கூரை மழையும் மாணவர் நாடகங்களும் (தீர்ந்தது)

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட மண்டபத்தில் எங்கள் நாடகப் பள்ளி மாணவர்களின் சமகால நாடகங்களைப் போடுகிறோம், தகரக் கூரை மழையில் வசனமே கேட்கவில்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

காலர் மைக் உதவவில்லை. மழையையும் சேர்த்துப் பெருக்கியது. பலித்தது "நேரத்த மாத்துங்கண்ணே" என்ற யோசனைதான். ஏப்ரல், அக்டோபர் வாக்கில் மேற்குக் கரையில் மழை பெரும்பாலும் பிற்பகலில்தானே கொட்டும்? 5 மணிக் காட்சியை இரவு 8.30க்குத் தள்ளினோம். நாற்காலிகளை மேடைக்கு மூன்று பக்கமும் நெருக்கிப் போட்டதில், தூறலிலும் குரல் எட்டியது.

எதிர்பாராதது ஈசல். மழை விட்டதும் மேடை விளக்கை மொய்த்து, மேனேஜராக நடித்த பெண்ணின் ஒட்டுமீசையில் வந்து இறங்கியது. வெளியே செம்பனை ஓரம் ஒரு பல்பை எரியவிட்டு, மண்டப விளக்குகளை அணைத்தோம். முக்கால்வாசி அங்கே போய்விட்டது. மிச்சத்துக்குக் கதவைச் சாத்த வேண்டியதுதான். புழுக்கம் வேறு கதை.