பேசாத பிள்ளைகளுக்கு ரேங்க் கார்டில் என்ன எழுதுவது?

சாக்பீஸ் டீச்சர்:
ஏழாம் வகுப்புக்கு ரேங்க் கார்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். குணம் பற்றித் தமிழில் ஒரு வரி எழுத வேண்டும். வாயாடிகளுக்கு எழுதுவது சுலபம், வாய் திறக்காதவர்கள்தான் சிக்கல். ஒருத்தி நோட்டில் விடையைச் சரியாக எழுதி வைத்திருப்பாள், எழுப்பிக் கேட்டால் தரையைப் பார்ப்பாள். இன்னொருவன் எதையும் முதலில் பென்சிலால் எழுதி, பக்கத்துப் பையனிடம் சரிபார்த்து, அப்புறம்தான் பேனாவையே திறப்பான். மூன்றாமவன் பெயரைச் சொன்னாலே வெலவெலத்துப் போகிறான். போன பருவத்தில் மூன்று பேருக்கும் "அடக்கமானவர்" என்றே போட்டிருக்கிறது. வேறு வேறு சொல் வேண்டும், சொல்லுங்களேன்.

ஆத்தங்கரை:
டீச்சர், முதல் பிள்ளைக்கு இருப்பது சபைக்கூச்சம். "கூச்ச சுபாவம்" என்று எழுதினால் பிறவிக்குணம் மாதிரி ஆகிவிடும், சபைக்கூச்சம் என்றால் நாலு பேர் முன்னால் மட்டும்தான், வீட்டில் அவள் வாய் காது வரைக்கும் நீளலாம். வள்ளுவரே இதற்கு 'அவை அஞ்சாமை' என்று தனி அதிகாரம் வைத்திருக்கிறார். சபைக்குப் பயப்படுகிறவன் படித்த நூல், போர்க்களத்தில் பேடி கையில் இருக்கும் வாள் மாதிரி என்கிறார் (727). அதையெல்லாம் கார்டில் எழுதிவிடாதீர்கள்! இரண்டாமவனுக்கு "நிதானமானவன்" போதும். வீட்டில் முன்ஜாக்கிரதை முத்தண்ணா என்று கூப்பிடுவார்கள், பந்தயம். மூன்றாமவன் பயந்த சுபாவம்.

குழம்புக்கரண்டி:
பயந்த சுபாவம் வேண்டவே வேண்டாம். என் பையனுக்கு அப்படி எழுதி வந்தது, கையெழுத்துப் போட அப்பாவிடம் நீட்டினான், பக்கத்தில் இருந்த சித்தப்பா வாங்கிப் படித்துவிட்டு அன்றிலிருந்து "தொடைநடுங்கி" என்றுதான் கூப்பிடுகிறார், கல்யாண வீட்டில் கூட. "தயங்குகிறான்" என்று எழுதுங்கள், இன்றைக்குத் தயங்குகிறவன் அடுத்த மாதம் தயங்காமல் இருக்கலாம். அப்புறம் ஒன்று, பெண் பேசாமல் இருந்தால் "அடக்க ஒடுக்கமான பெண்" என்று வரன் விளம்பரம் வரைக்கும் போகிறது, பையன் பேசாமல் இருந்தால் உடனே "அமுக்குணி", "கல்லுளிமங்கன்". இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம்தானே?

அகராதி மேய்கிறவன்:
கரண்டி அக்கா சொல்வது சரி. ஆனால் அமுக்குணி கோழை இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாதது போல இருக்கிற, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்க வைக்கிற ஆள். பிள்ளைப்பூச்சி அதற்கு நேர் எதிர். ஈர மண்ணைக் குடைந்துகொண்டு திரிகிற அந்தப் பூச்சி யாரையும் கொட்டாது, அதனால்தான் சாது திடீரென்று சீறினால் "பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்துவிட்டது" என்கிறோம். அப்பாவி, வாயில்லாப்பூச்சி எல்லாம் இந்த வகைதான், பாசம் பாதி, இளக்காரம் பாதி, கார்டுக்கு ஆகாது.

அடக்கத்தைத்தான் நாம் பாழாக்கிவிட்டோம். உள்ளே சரக்கு இருந்து, அதைத் தானாகக் கட்டுக்குள் வைத்திருப்பவனுக்குரிய சொல் அது. நிலை மாறாமல் அடங்கியிருப்பவன் தோற்றம் மலையை விடப் பெரிது என்கிறது குறள் (124). மிஸ் பார்த்தாலே நடுங்குகிற பையனுக்கு அதைப் போட்டால் என்ன அர்த்தம்? பென்சில் பையனைப் பார்த்துச் சிரிக்கவும் வேண்டாம், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவது அறிவாளிகள் வேலை என்றும் அதே ஆள்தான் சொல்லியிருக்கிறார் (428).

சாக்பீஸ் டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. "விடை தெரிந்தும் எழுந்து சொல்லக் கூச்சப்படுகிறாள்", "எதையும் யோசித்து நிதானமாகச் செய்கிறான்", "வகுப்பில் பதில் சொல்லத் தயங்குகிறான், தனியாகக் கேட்டால் சொல்கிறான்" என்று எழுதிவிட்டேன். கட்டத்தில் இடம் போதவில்லை, பொடி எழுத்தில் நுழைத்தேன். அகராதி சார் சொல்கிற கணக்கில் "அடக்கம்" போடத்தான் வகுப்பில் ஆள் கிடைக்கவில்லை, முதல் மார்க் வாங்குகிறவன் மகா அலட்டல்.