காமினிட்டோ டெல் ரே மலையிடுக்கு நடை: போய் வந்தவர்கள் விவரம் சொல்லுங்கள்

ஆயர் ஈத்தாம் அக்கா

வணக்கம். வரும் ஏப்ரலில் குடும்பமாக ஸ்பெயின் போகிறோம். மாலகா நகரத்தில் தங்கி, காமினிட்டோ டெல் ரே நடைபாதைக்கு ஒரு நாள் ஒதுக்கி, வழிகாட்டியோடு நடக்க எண்ணம். அம்மாவுக்கு 64 வயது, மகனுக்கு 10, சின்னவளுக்கு 7. நம்ம பினாங்கு பொட்டானிக்கல் கார்டனிலிருந்து கொடிமலை ஜீப் பாதையில் எல்லாரும் ஏறிப் பழக்கம் உண்டு. டிக்கெட், போக்குவரத்து, உயரம், எங்கே சிக்கல் வரும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தண்ணீர்மலைக்காரர்

அக்கா, சின்னவளை உள்ளே விடமாட்டார்கள். 8 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது கண்டிப்பான விதி. பெற்றோர் கூட வந்தாலும் மாற்றம் இல்லை. வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள், ஆகவே மகனின் கடப்பிதழை அசலாகவே கொண்டு போங்கள். பெரியவர்களில் ஒருவர் சின்னவளோடு வடக்குப் பக்க நீர்த்தேக்கக் கரையில் இருந்துவிடலாம். அங்கே நிழலும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு.

அம்மாவால் முடியும். மொத்த நடை 7.7 கி.மீ. அதில் 2.9 கி.மீ. மட்டும்தான் மலையிடுக்குக்குள் போகும் பாதை, மீதி 4.8 கி.மீ. இரண்டு முனைகளிலும் உள்ள அணுகுபாதை. வடக்கே அர்தாலெஸ் பக்கம் நுழைந்து தெற்கே எல் சோரோவில் வெளியே வருவோம், பெரும்பாலும் இறக்கம்தான். கொடிமலை ஜீப் பாதை சுமார் 5 கி.மீ. தூரத்துக்குள் செங்குத்தாக ஏறிக்கொண்டே போகும். அந்த மூச்சிரைப்பு இங்கே இல்லை. தண்ணீர்மலை கோயிலின் 513 படிகளை நின்று நின்றாவது ஏறுகிறவருக்கு இந்த நடைக்கு வேண்டிய உடல் பலம் இருக்கிறது. ஆனால் இது ஒருவழிப் பாதை. பாதியில் கால் வலித்தால் இறங்கிப் போக இடம் கிடையாது. முட்டி வலி உள்ளவர்கள் இதை யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும், ஏனென்றால் படிக்கட்டுகள் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன.

இந்த நடையில் ஆளை வாட்டுவது தூரமோ உயரமோ இல்லை, நேரக்கணக்கு. டிக்கெட்டில் 11:00 என்று இருந்தால் அது சாலையில் பேருந்து நிற்கும் நேரம் அல்ல, உள்ளே இருக்கும் சோதனைச் சாவடியின் நேரம். சாலையிலிருந்து சாவடிக்கு இரண்டு பாதைகள். எல் மிராதோர் உணவகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சுரங்க வழியாகப் போவது சுமார் 1.5 கி.மீ., அரை மணி நேரம் வையுங்கள். எல் கியோஸ்கோ உணவகத்துப் பக்கம் தொடங்குவது 2.7 கி.மீ., பிள்ளைகளோடு ஒரு மணி நேரம். தாமதமாக வந்து திருப்பி அனுப்பப்படுகிறவர்களில் பலர் இந்த நடைநேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்.

11 மணி டிக்கெட் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். சாவடியில் 10:30. சுரங்க வாசலில் 9:50. அதற்கு முன் எல் சோரோவிலிருந்து பேருந்து, அதற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் எல் சோரோவில் 9:00. மாலகாவிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம், ஆகவே 8 மணிக்கு நகரத்தை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும்.

பட்டர்வொர்த் ரயிலடி

போக்குவரத்துக்கு என் பங்கு. நுழைவும் வெளியேற்றமும் வேறு வேறு இடம் என்பதால் இரண்டு முனைகளுக்கும் நடுவே தனிப் பேருந்து ஓடுகிறது. ஓட்டம் சுமார் 20 நிமிடம், கட்டணம் சில யூரோ, சில்லறையாகக் கையில் வைத்திருங்கள். கார் எடுத்தால் வண்டியைத் தெற்கே எல் சோரோவில் நிறுத்திவிட்டு, காலையிலேயே பேருந்து பிடித்து வடக்கே போங்கள். வடக்கே நிறுத்தினால் நடந்து களைத்த பிறகு வெயிலில் பேருந்து வரிசையில் நிற்க வேண்டிவரும். பிள்ளைகள் அழுவது அந்த வரிசையில்தான்.

ரயிலும் உண்டு. மாலகாவின் மரியா சம்பிரானோ நிலையத்திலிருந்து எல் சோரோவுக்கு சுமார் 40 நிமிடம். நாளுக்குச் சில வண்டிகள் மட்டுமே, அடிக்கடி ஓடும் நம்ம கேடிஎம் கொமுட்டர் ரயில் மாதிரி நினைத்துப் போகாதீர்கள். முதலில் திரும்பும் ரயிலைப் பாருங்கள், அதற்கேற்ற நுழைவு நேரத்தைப் பிறகு வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, மாலையில் எல் சோரோ நிலையத்தில் இரண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மலேசியக் கடப்பிதழுக்கு ஸ்பெயின் உட்பட ஷெங்கன் நாடுகளில் விசா வேண்டாம், 180 நாளுக்குள் 90 நாள் தங்கலாம். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள். முதல் முறை போகும்போது அதற்கு வரிசை நீளும். விமானம் இறங்கிய அதே நாளில் நடைக்கு டிக்கெட் போடாதீர்கள்.

ஜெலுத்தோங் தம்பி

டிக்கெட் பற்றி. பொது நுழைவு 10 யூரோ, அதிகாரபூர்வ வழிகாட்டியோடு 18 யூரோ. திங்கட்கிழமை மூடியிருக்கும். ஏப்ரல் என்றால் ஈஸ்டர் விடுமுறை எந்த வாரத்தில் வருகிறது என்று பாருங்கள். அந்த நாட்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். பொது நுழைவு தீர்ந்த பிறகும் வழிகாட்டியோடு போகும் நேரங்களில் இடம் மிச்சமிருப்பது உண்டு. வாங்கும்போது மொழியைக் கவனியுங்கள், ஸ்பானியக் குழுவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டால் பேச்சு முழுக்க ஸ்பானியத்தில்தான். மாலகாவிலிருந்து பேருந்தோடு சேர்த்து விற்கும் தனியார் பயணங்கள் விலை கூடுதல். ஆனால் மேலே அண்ணன் போட்ட நேரக்கணக்கு முழுவதும் அவர்கள் தலையில் போய்விடும். வயதான அம்மாவோடு போகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

வழிகாட்டியோடு போவதில் ஒரு குறை உண்டு. குழுவின் வேகம்தான் உங்கள் வேகம். நல்ல படம் எடுக்க ஐந்து நிமிடம் நிற்க முடியாது.

பாலிக் பூலாவ் கட்டடக்காரர்

கட்டுமானத்தைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் பயமும் குறையும், பார்ப்பதும் கூடும்.

குவாதலோர்சே ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்து உண்டாக்கிய இடுக்கு இது. சில இடங்களில் இரண்டு சுவர்களுக்கும் நடுவே 10 மீட்டர்தான் இருக்கும். இடுக்கின் இரண்டு முனைகளிலும் இருந்த நீர்மின் நிலையங்களுக்கு இடையே தொழிலாளர்கள் போய்வரவும், பொருள் கொண்டுபோகவும், கால்வாயைப் பார்த்துக்கொள்ளவும் 1901 முதல் 1905 வரை முதல் பாதையைக் கட்டினார்கள். பாறையில் இரும்புத் தண்டுகளைக் குத்தி, மேலே ஒரு மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் பலகை போட்டதுதான் அந்தப் பாதை. 1921இல் அணைக்கட்டுத் திறப்பை ஒட்டி மன்னர் 13ஆம் அல்ஃபோன்சோ வந்து நடந்ததால் ‘அரசரின் சிறு பாதை’ என்று பொருள்படும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு பராமரிப்பு இல்லாமல் கான்கிரீட் உதிர்ந்து, பல இடங்களில் வெறும் இரும்புதான் மிஞ்சியது. 1999, 2000 ஆண்டுகளில் ஆட்கள் விழுந்து இறந்த பிறகு இரண்டு பக்க நுழைவையும் அடைத்தார்கள். இணையத்தில் மயிர்க்கூச்செறிய வைக்கும் பழைய காணொளிகள் அந்த உடைந்த பாதையில் எடுத்தவை. இப்போது நடப்பது 2015 மார்ச் 28இல் திறந்த புதிய பாதை. பாறைக்குள் துளையிட்டு இறக்கிய எஃகு ஆணிகளின் மேல் மரப்பலகை, வெளிப்பக்கம் எஃகுக் கம்பி வேலி. பழைய பாதையின் எலும்புக்கூடு பல இடங்களில் கால்களுக்கு நேர் கீழே தெரியும். அதைக் காட்டச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். அதைப் பார்க்காமல் வந்தால் பாதி போனது மாதிரிதான்.

ஹெல்மெட் கட்டாயம், வாசலில் தருவார்கள், வெளியேறும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். தடுக்கி விழுவதற்காக மட்டும் அது இல்லை. மேலே மலையாடுகள் நடமாடும்போதும் மழைக்குப் பிறகும் சின்னக் கற்கள் உருண்டு வரும். நூறு மீட்டருக்கு மேலிருந்து வரும் கல் விரல் அளவு இருந்தாலும் போதும். ஆகவே படத்துக்காக ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். காவலர்கள் பார்த்தால் சத்தம் போடுவார்கள், அது சரியும்கூட.

காற்று இன்னொரு விஷயம். இடுக்கு குறுகும் இடத்தில் காற்றின் வேகம் கூடும். மாலகா கடற்கரையில் இலை அசையாத நாளிலும் உள்ளே பலமாக வீசலாம். பலத்த காற்றோ மழையோ இருந்தால் பாதையை மூடிவிடுவார்கள். காலையில் கிளம்பும் முன் டிக்கெட்டுக்குக் கொடுத்த மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா

ரொம்ப நன்றி அண்ணே. உள்ளே நடை எப்படிப் போகும், உயரம் எங்கே அதிகம்? எனக்கே கொஞ்சம் உயரப் பயம் உண்டு.

பாயான் பாரு மலையேறி

அக்கா, மூன்று துண்டாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கைதானெகோ இடுக்கு. சாவடியில் ஹெல்மெட் போட்டு, விதிகளைக் கேட்டுவிட்டு நுழைந்த சில நிமிடங்களிலேயே பலகைப் பாதை தொடங்கிவிடும். சுவர்கள் மிக நெருக்கம், ஆறு கீழே பச்சையாக ஓடும், உயரம் இன்னும் குறைவு. பயப்படுகிறவர்கள் பழகிக்கொள்ள இது நல்ல இடம். இங்கே உடம்பு நடுங்கி நிற்காவிட்டால் கடைசிவரை போய்விடலாம். அடுத்தது ஓயோ பள்ளத்தாக்கு. பலகை முடிந்து மண்பாதை, பைன் மரங்கள், இரண்டு பக்கமும் மலை விலகி நிற்கும். தண்ணீர் குடிக்கவும் கொஞ்சம் சாப்பிடவும் அம்மா உட்காரவும் இதுதான் இடம். அண்ணாந்து பாருங்கள், கிரிஃபன் பிணந்தின்னிக் கழுகுகள் வெப்பக் காற்றில் சிறகடிக்காமல் வட்டமிடும். காலை பத்து மணிக்குப் பிறகு பாறை சூடேறியதும் நிறைய வரும்.

மூன்றாவது கைதானெஸ் இடுக்கு. எல்லாரும் படத்தில் பார்ப்பது இதைத்தான். பாதை ஆற்றுக்கு மேலே சுமார் 100 மீட்டர் உயரத்தில் செங்குத்துச் சுவரைச் சுற்றி வளையும். எதிர்ச் சுவரில் ரயில் சுரங்கத்திலிருந்து வெளிவந்து மறுபடி நுழைவதும் தெரியும். இங்கே கண்ணாடித் தளம் போட்ட சிறு மாடம் ஒன்று உண்டு, ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள், விரும்பாதவர்கள் தாண்டிப் போகலாம். கடைசியில் தொங்குபாலம், 35 மீட்டர் நீளம், 105 மீட்டர் உயரம். இதைத் தவிர்க்க முடியாது. அடியில் கம்பிச் சட்டம், ஆறு தெரியும், ஆட்கள் நடந்தால் ஆடும், காற்றும் இங்கேதான் அதிகம். பாலத்தைக் கடந்ததும் சுவரோடு ஒட்டிய படிகள். சோர்ந்த கால்கள் தடுமாறுவது இந்தப் படிகளில்தான், பாலத்தில் இல்லை. பாலம் முடிந்ததும் பதற்றம் விட்டுவிடும், கவனமும் கூடவே போய்விடும்.

உயரப் பயத்துக்குப் பினாங்கிலேயே சோதனை செய்யலாம். கொடிமலை மேலே ஹாபிடாட் இயற்கைப் பூங்காவில் உள்ள லங்கூர் வே தொங்குநடை 230 மீட்டர் நீளம், தரையிலிருந்து சுமார் 40 மீட்டர். அங்கே ஆட்டம் எப்படிப் படுகிறது என்று பாருங்கள். கொம்தார் கோபுரத்தில் 68ஆவது மாடிக் கண்ணாடி நடையில் நின்றால் கண்ணாடித் தளத்துக்கு உடம்பு என்ன சொல்கிறது என்றும் தெரிந்துவிடும். இரண்டிலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தால் அங்கேயும் முடியும். கால் நகராமல் உறைந்துபோகிறவர் என்றால் வேண்டாம், ஏனென்றால் உங்களுக்குப் பின்னால் ஒரு குழுவே ஒரு மீட்டர் பாதையில் காத்து நிற்கும்.

நடக்கும்போது பாறைப் பக்கமாகப் போங்கள், பார்வையைப் பத்துப் பலகை முன்னால் வையுங்கள். கைதானெஸில் நுழைவதற்கு முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டால் உங்களைத் தனக்குப் பின்னால் முதல் ஆளாக நடக்க வைப்பார். வரிசையின் நடுவில் மாட்டிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

தண்ணீர்மலைக்காரர்

எடுத்துப் போகும் பொருட்களில் ஒன்றிரண்டு. நம்ம காட்டுச் சேற்றுக்குப் பேர்போன கம்போங் அடிடாஸ் ரப்பர் சப்பாத்து அங்கே வேண்டாம். காய்ந்த சரளையும் பலகையும் தான், அந்த மெல்லிய அடிப்பாகத்தில் ஏழரை கி.மீ. நடந்தால் குதிகால் நொந்துபோகும். சாதாரண ஓட்டக் காலணி போதும், சிலிப்பரும் செருப்பும் கூடாது. பெரிய முதுகுப்பை, செல்ஃபி கம்பு இரண்டுக்கும் அனுமதி இல்லை. கைப்பேசிக்கு மணிக்கட்டுக் கயிறு கட்டுங்கள். நீளமான கூந்தல் என்றால் கொண்டை போடாமல் கழுத்துக்குக் கீழே தாழ்வாகப் பின்னுங்கள், கொண்டை இருந்தால் ஹெல்மெட் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

மலையிடுக்குப் பாதைக்குள் கழிவறை இல்லை, கடையும் இல்லை. சாவடிக்கு வரும்போதே முடித்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்து தாகத்தை நினைவூட்டும். அங்கே காற்று காய்ந்தது, வியர்வை தெரியாமலே ஆவியாகிவிடும், தலைவலி வந்த பிறகுதான் புரியும். ஏப்ரலில் ஆளுக்கு ஒரு லிட்டர், ஜூலை ஆகஸ்டில் ஒன்றரைக்கு மேல். அந்த மாதங்களில் காலை முதல் நேரங்களைத் தவிர வேறு எதையும் வாங்காதீர்கள்.

சைவச் சாப்பாடு அந்தப் பக்கம் கஷ்டம். முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த தொர்த்தியா எங்கும் கிடைக்கும். முட்டையும் சாப்பிடாதவர்கள் மாலகாவிலேயே ரொட்டி, பழம், கடலை வாங்கிப் போவது நல்லது. பன்றி இறைச்சி பல உணவில் சொல்லாமலே கலந்திருக்கும், நம்ம முஸ்லிம் நண்பர்கள் கேட்டுவிட்டு வாங்கவும்.

ஆயர் ஈத்தாம் அக்கா

ஒரே ஒரு கேள்வி. நாங்கள் போகும் நாளில் காற்றுக்காக மூடிவிட்டால் என்ன செய்வது?

பட்டர்வொர்த் ரயிலடி

நடையைப் பயணத்தின் கடைசி நாளில் போடாதீர்கள். நடுவில் வைத்தால் இன்னொரு நாளுக்கு இடம் தேட வழி இருக்கும். மூடிய அன்றே சும்மா திரும்ப வேண்டாம். அர்தாலெஸிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரத்தில் ரோண்டா என்ற ஊர். 1793இல் முடித்த பாலம், இடுக்கின் அடியிலிருந்து 98 மீட்டர் உயரம், ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது. டிக்கெட் நேரமும் வயதுக் கட்டுப்பாடும் இல்லாமல் அதன் மேல் நடக்கலாம், சின்னவளும் வரலாம். கீழே இறங்கும் பாதை மழையில் வழுக்கும், அந்த நாளில் மேலே உள்ள பார்வையிடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.