92 டிகிரி உப்புநீரில் கிரேடு 2 டைட்டானியம்: கேஸ்கெட் அடியில் மட்டும் ஓட்டை ஏன்?

கேள்வி:
குளோர்-ஆல்கலி பிளான்ட் (உப்புநீரிலிருந்து குளோரின், காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலை), பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் (மெல்லிய தகடுகள் வழியே ஒரு திரவத்தின் சூட்டை இன்னொன்றுக்கு மாற்றும் கருவி). பிளேட் கிரேடு 2 (வேறு உலோகம் கலக்காத டைட்டானியம்), தடிமன் 0.6 மி.மீ. ஒரு பக்கம் அமிலப்படுத்திய உப்புநீர்: சோடியம் குளோரைடு 25%, 92 டிகிரி, பி.எச். 2.5. பதினான்கு மாதத்தில் ஐந்து பிளேட்டில் ஊசித்துளை. நடுப்பகுதி புதுசு போலப் பளபளக்கிறது. கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் ரப்பர் பட்டை) உட்காரும் பள்ளத்தில் மட்டும் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி. சுரண்டினால் அடியில் குழி. உப்புக்கு டைட்டானியம் அசையாது என்றுதானே வாங்கினோம்?

பதில் 1:
இது கிரெவிஸ் கரோஷன், அதாவது இடுக்குக்குள் வரும் அரிப்பு, சார். டைட்டானியத்தைக் காப்பது மேலே இருக்கும் ஆக்சைடு படலம். கீறல் விழுந்தாலும் ஈரமோ ஆக்சிஜனோ பட்டால் உடனே மூடிக்கொள்ளும். கேஸ்கெட் அடியில் உப்புநீர் தேங்கி நிற்கிறது. அங்கே ஆக்சிஜன் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கரைந்த டைட்டானியம் அயனி தண்ணீரோடு வினைபுரிந்து அமிலமாக்கும், குளோரைடும் உள்ளே ஏறும். வெளியே 2.5 காட்டினாலும் இடுக்குக்குள் பி.எச். 1-க்குக் கீழே இறங்கிவிடும். படலம் அங்கே நிற்காது. அந்த வெள்ளைப் பொடி டைட்டானியம் டை ஆக்சைடு, பெயின்ட்டில் சேர்க்கிற அதே பொருள்.

உப்புநீரில் கிரேடு 2-ஐ 70 டிகிரிக்கு மேல் இடுக்கு உள்ள இடத்தில் நம்பக் கூடாது. உங்களுக்குக் கிரேடு 7 (பல்லேடியம் 0.12–0.25%) தேவை, கிரேடு 16-இல் 0.04–0.08%தான், விலையும் குறைவு. டைட்டானியம் கரையக் கரைய பல்லேடியம் மேற்பரப்பில் தங்கி, மின்னழுத்தத்தை உயர்த்தி, படலத்தைத் திரும்ப நிற்க வைக்கும். கிரேடு 12-ஐ (மாலிப்டினம், நிக்கல் கொஞ்சம் கலந்தது) இந்த பி.எச்.-க்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பி.எச். மூன்றுக்குக் கீழே அதுவும் தடுமாறும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் கிரேடு மாற்றினாலும் சில பழக்கங்கள் பிளேட்டைக் கெடுக்கும். டெஃப்லான் கேஸ்கெட், டெஃப்லான் டேப் வேண்டாம்: சூட்டில் ஃபுளோரைடு கசிந்தால் படலம் கரையும். பெராக்சைடு-க்யூர் ஈ.பி.டி.எம். (பெராக்சைடால் பதப்படுத்திய செயற்கை ரப்பர்) போடுங்கள், பசை இல்லாத கிளிப் வகையாக.

கார்பன் ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்க்கவே கூடாது. ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள் அரிக்கும்போது வெளிவரும் ஹைட்ரஜனை, 80 டிகிரிக்கு மேல் டைட்டானியம் உறிஞ்சி ஹைட்ரைடாகி நொறுங்கும். சந்தேகமிருந்தால் ஃபெராக்ஸில் சோதனை (இரும்பு இருந்தால் நிறம் மாறும் கரைசலைத் தடவிப் பார்ப்பது) செய்யுங்கள். நீலம் வந்தால் இரும்பு ஒட்டியிருக்கிறது.

படிவு எடுக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுகிறார்களா? இரும்புக்கான இன்ஹிபிட்டர் (அமிலத்தில் சேர்க்கும் அரிப்புத் தடுப்பான்) டைட்டானியத்தைக் காக்காது. அமோனியம் பைஃபுளோரைடு கலந்த கிளீனரை உள்ளே வரவே விடாதீர்கள்.

கேட்டவர்:
மீதிப் பிளேட்டுகளை வெல்டு வைத்து ஓட்டலாமா?

பதில் 1:
0.6 மி.மீ.-இல் வெல்டு வேண்டாம், சார். பள்ளம் வளைந்து கேஸ்கெட் உட்காராது. எல்லாப் பிளேட்டையும் கழற்றி டை பெனிட்ரன்ட் (விரிசல், துளையைச் சாயம் ஊறிக் காட்டும் சோதனை) பார்த்து, குழி விழுந்ததை ஒதுக்குங்கள். புதுசு வரும்வரை, உங்கள் பிராசஸ் இடம் கொடுத்தால், அந்த எக்ஸ்சேஞ்சரை 70-க்குக் கீழே ஓட்டுங்கள். வந்ததும் எக்ஸ்.ஆர்.எஃப். துப்பாக்கியை (எக்ஸ்-ரே பாய்ச்சி உலோகக் கலவையைக் காட்டும் கைக்கருவி) ஒவ்வொரு பிளேட்டிலும் வைத்துப் பல்லேடியம் பாருங்கள். கண்ணுக்குக் கிரேடு 2-வும் 7-வும் ஒரே நிறம்தான். ஒரு பிளேட் மாறி வந்தாலும் அதில்தான் முதலில் ஒழுகும்.