கைடு தேர்வு: சைட்டேஷன் எண்ணிக்கையை எவ்வளவு நம்பலாம்?

குழித்துறைக்காரி:
எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி முடித்துவிட்டேன். பி.எச்டி.க்கு களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம் பக்கம் இரண்டு கைடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒருவருக்கு கூகுள் ஸ்காலரில் 4,300 சைட்டேஷன் (அவர் பேப்பர்களை மற்ற பேப்பர்கள் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் 23. இன்னொருவருக்கு 780தான், எச் 15. பெரிய நம்பர் உள்ளவரிடம் சேர், பின்னால் வேலைக்கு உதவும் என்கிறார் மாமா. ஆனால் முதல் ஆளின் லிஸ்டில் சர்க்கரை நோய், பல் மருத்துவம், மீன் வளர்ப்பு எல்லாம் கலந்து கிடக்கிறது. ஒரே ஆள் இத்தனையும் செய்வாரா?

பாறசாலை பாசஞ்சர்:
மீன் வளர்ப்பைப் பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்தது நல்லது மக்களே. நம்மூர்ப் பெயர்தான் இங்கே முதல் சிக்கல். நமக்கு குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். எஸ். குமார் என்று பேப்பர் போட்டால், மருத்துவ ஆய்வுப் பேப்பர்களைத் தேடும் பப்மெட் தளத்தில் எத்தனை எஸ். குமார் வருகிறார்கள் என்று ஒரு தடவை தேடிப் பார், தலை சுற்றும். சில ஜர்னலில் இனிஷியலை விரித்து அப்பா பெயரையே சர்நேமாக அச்சடித்துவிடுவார்கள், அப்போது ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். கூகுள் ஸ்காலரில் தானாகச் சேர்க்கும் வசதியை அப்படியே விட்டுவைத்தால் ஒத்த பெயர்க்காரரின் பேப்பரும் வந்து ஒட்டிக்கொள்ளும், சொந்தக்காரர் உட்கார்ந்து நீக்கினால்தான் போகும். நிறையப் பேர் நீக்குவதில்லை (சோம்பலும் உண்டு, ஆசையும் உண்டு!). இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2012இல் ஆர்கிட் (ORCID) வந்தது, ஆளுக்கு ஒரு 16 இலக்க எண். அவருக்கு அது இருந்தால் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்.

கொழிஞ்சாம்பாறை:
எச் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. 15 என்றால், குறைந்தது 15 தடவையாவது மேற்கோள் காட்டப்பட்ட பேப்பர் 15 இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பேப்பர் ஆயிரம் தடவை மேற்கோள் ஆனாலும் எச்-இண்டெக்ஸில் அது ஒன்றுதான், மொத்தத்தில்தான் ஊதும். உலக நோய்ச்சுமை ஆய்வு என்று லான்செட் மருத்துவ ஜர்னலில் வருமே, நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள், ஆயிரக்கணக்கில் சைட்டேஷன். அதில் நடுவில் ஒரு பெயராக இருப்பதும் சொந்த ஆய்வகத்தில் மாணவரை வைத்து வேலை செய்து வெளியிடுவதும் ஒன்றா? நம்ம துறையில் முதல் பெயர் கைவேலை செய்தவர், கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவர். கடைசிப் பெயராக அவர் வரும் பேப்பரை மட்டும் எண்ணு. அதில் முதல் பெயர்கள் யார், அவருடைய மாணவர்களா என்றும் பார். எனக்கு மொத்தத்தைவிட அதுதான் முக்கியம்.

காட்பாடி ஜங்ஷன்:
மாமாவை ரொம்பக் குறை சொல்ல வேண்டாம், இன்டர்வியூவில் இம்பாக்ட் ஃபாக்டர் கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் அது ஜர்னலின் சராசரி, முந்தைய இரண்டு வருடப் பேப்பர்களுக்கு இந்த வருடம் வந்த மேற்கோளை வைத்துப் போடுவது. ஆளை அதை வைத்து அளக்காதே என்று 2012இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடி டோரா என்ற பிரகடனமே எழுதினார்கள். இன்னொன்று, கருவி செய்கிற ஆய்வகத்தில் சைட்டேஷன் குறைவாகத்தான் இருக்கலாம். திருவனந்தபுரத்திலேயே சித்ரா இன்ஸ்டிட்யூட் செய்த இதய வால்வு 1990இலிருந்து நோயாளிகளுக்குப் பொருத்தப்படுகிறது, அதை எந்த எச்-இண்டெக்ஸில் அடைப்பாய்? அப்புறம், திரும்பப் பெறப்பட்ட பேப்பர்களைப் பட்டியலிடும் ரிட்ராக்ஷன் வாட்ச், வெளியான பேப்பர்களில் உள்ள குறைகளை விவாதிக்கும் பப்பியர், இந்த இரண்டு தளங்களிலும் பெயரைப் போட்டு ஒரு தடவை தேடிவிடு. ஐந்து நிமிட வேலை.

குழித்துறைக்காரி:
நேற்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பல், மீன் இரண்டும் வேறு ஆட்கள். அவற்றை எடுத்ததும் 1,900. அதிலும் 1,400 ஒரே பேப்பருக்கு, ஆசிரியர் பெயர்களை எண்ணி முடிக்க முடியவில்லை. கடைசிப் பெயராக அவர் வருவது ஏழு, 2019க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 780காரருக்கு அப்படி 22 இருக்கிறது, முதல் பெயர்களில் பாதி அவர் மாணவர்கள், அதில் ஒரு அக்கா எங்கள் காலேஜ் சீனியராம்! அவரிடம் முதலில் பேசிவிட்டு வியாழக்கிழமை சாரைப் பார்க்கப் போகிறேன். மாமாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை.

பாறசாலை பாசஞ்சர்:
மாமாவிடம் மீன் வளர்ப்பு லிஸ்டைக் காட்டு.