குடிசார் பொறியியல் முதுமாணி: ஆராய்ச்சி கட்டாயமா?

கொக்குவில் பொடியன்:
அண்ணைமார், கிளிநொச்சி அறிவியல் நகரில் நாலு வருடப் பட்டம் முடித்து, இப்போது பருத்தித்துறைப் பக்கம் வீதி வேலைத்தளத்தில் நிற்கிறேன். முதுமாணி செய்ய ஆசை. ஆராய்ச்சி இல்லாமல் முடிக்கலாமா? அம்மா முதலில் கலியாணம் என்கிறார், அது வேறு கதை.

பழைய கம்பஸ்காரன்:
முடிக்கலாம் தம்பி. பட்டங்களை மட்டம் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 9ஆம் மட்டம் பாடங்கள் மட்டும் உள்ள முதுமாணி, 30 கிரெடிட். 10ஆம் மட்டம் 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆராய்ச்சிக்கு. விரிவுரையாளராகும் எண்ணம் இருந்தால் 10ஐப் பிடியும்.

சுன்னாகத்தான்:
நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகச் செய்தேன். வெள்ளி இரவு பஸ் ஏறினால், ஏ9 வீதி முழுக்கத் தூங்கித் தூங்கி விழுந்து, சனி காலை வகுப்பு. பாடங்கள் பரவாயில்லை, ஆய்வுதான் இழுத்தடித்தது. அங்கே ஓடும் மகாவலி ஆற்று மணலைத் தலைப்பாக எடுத்துவிட்டு, மாதிரி எடுக்க ஒவ்வொரு முறையும் லீவு கேட்டு அலைந்தேன். நீர் ஊரிலேயே எடும். எங்கள் சுண்ணாம்புக்கல் இருக்கிறதே, சைக்கிளில் போய் மாதிரி எடுக்கலாம்.

கொக்குவில் பொடியன்:
சரி அண்ணை, அப்ப 60தான். எங்கள் வளவில் கிணறு வெட்டிய கல்லே குவிந்து கிடக்கிறது.